மலையில் எரிந்த மஞ்சள் விளக்கு: டர்போவை மாற்றும் முன்

கேள்வி: எங்களுடையது 2012 மாடல் டீசல் ஸ்விஃப்ட், விடிஐ. போன வருடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். இதுவரை 1,46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனியில் உள்ள பள்ளிக்கு தினமும் நானே ஓட்டிப் போகிறேன். போன மாதம் பழனி வழியாகக் கொடைக்கானல் ஏறும்போது பாதி மலையில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. உடனே வண்டி இழுக்கவில்லை. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தும் ஊர்ந்தது. ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்ததும் நன்றாக ஓடியது. விளக்கு மட்டும் அணையவில்லை. ஒரு மெக்கானிக், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ போய்விட்டது, 45 ஆயிரம் ஆகும் என்கிறார். இன்னொருவர் ஸ்கேனர் போட்டு, கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருந்த பழுதுக் குறியீட்டை (‘கோடு’ என்கிறார்கள்) அழித்துக் கொடுத்தார், நாலே நாளில் விளக்கு திரும்ப எரிகிறது. மூன்றாமவர், புகையைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வை அடைத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார். இது தவிர, கொடைக்கானலில் காலையில் சுருள் கம்பி போன்ற விளக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எரிந்தது. ஒரு மழை நாளில் இபிஎஸ் (பவர் ஸ்டீயரிங்) விளக்கு வந்து போனது. சிவப்பு ஆயில் விளக்கும் வெயிலில் சிக்னலில் நிற்கும்போது இரண்டு முறை மின்னி மறைந்தது. யார் சொல்வதை நம்புவது? - ஒரு ஆசிரியை, ஒட்டன்சத்திரம்.

பதில்: வணக்கம் டீச்சர். நீங்கள் கடைசியில், போகிற போக்கில் எழுதிய வரியைத்தான் நான் முதலில் எடுக்கப்போகிறேன். மலையில் வண்டி நின்றுவிடுமோ என்று பயந்திருப்பீர்கள், புரிகிறது. ஆனால் உங்கள் இன்ஜினையே காவு வாங்கக்கூடியது சிக்னலில் மின்னி மறைந்த அந்தச் சிவப்பு விளக்குதான். அதைப் பார்த்து முடிக்கும்வரை தயவுசெய்து பள்ளிக்குப் பஸ்ஸில் போய் வாருங்கள்.

ஆயில் குறைந்தால் அந்த விளக்கு எரியும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது ஆயிலின் அளவைப் பார்ப்பதே இல்லை, அழுத்தத்தைப் பார்க்கிறது. இன்ஜினுக்குள் ஆயில் பம்ப் அனுப்பும் அழுத்தம் ஒரு எல்லைக்குக் கீழே இறங்கினால்தான் எரியும். நன்றாகச் சூடான ஆயில் நீர்த்துப்போகும். ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, பம்ப் மெதுவாகச் சுற்றும். இந்த இரண்டும் ஒன்றாகச் சேருவது வெயில் நேரத்துச் சிக்னலில். அழுத்தம் விளிம்பில் நிற்கும் இன்ஜின் அங்கேதான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டதும் பம்ப் வேகம் பிடித்து விளக்கு அணைந்துவிடுவதால், ‘சென்சார் தகராறு, விடுங்க’ என்று சொல்லிவிடுகிறார்கள். சென்சாராக இருக்கலாம்தான். அளந்து பார்க்காமல் அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

முதல் வேலையை நீங்களே செய்யலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் விடுங்கள். ஆயில் ஸ்டிக்கை உருவித் துணியால் துடைத்து, மறுபடி முழுக்கச் சொருகி எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவில் ஆயில் நிற்க வேண்டும். கறுப்பாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். டீசல் இன்ஜினில் புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டினாலே கறுத்துவிடும். கவனிக்க வேண்டியவை வேறு. கீழ்க் குறிக்கும் கீழே இருந்தால் ஆயில் எங்கோ ஒழுகுகிறது, அல்லது எரிகிறது. மேல் குறியைத் தாண்டி நின்றால் அதுவும் ஆபத்து. விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை தூக்கலாக அடித்தால், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வழியாக டீசல் கசிந்து ஆயிலில் கலக்கிறது. அப்படிக் கலந்த ஆயில் நீர்த்து, அழுத்தம் விழும். அளவு மிகவும் ஏறிவிட்டால் ஆயில் காற்றுப் பாதை வழியாக உள்ளே இழுக்கப்பட்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் டீசல் இன்ஜின் தானாக வெறிபிடித்து ஓடும் அபாயமும் உண்டு. ஸ்டிக்கில் மேல் குறிக்கு மேல் கண்டால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

அளவு சரியாக இருந்தால் அடுத்தது பிரஷர் கேஜ். ஆயில் சென்சாரைக் கழற்றி, அதே துளையில் முள் காட்டும் கேஜை மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் எவ்வளவு, 2000 ஆர்பிஎம்மில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதிக நேரம் பிடிக்காத வேலை. கேஜில் அழுத்தம் சரியாக இருந்தால் புது சென்சார் மாட்டி முடித்துக்கொள்ளலாம். பழைய சென்சாரின் கனெக்டரைக் கழற்றும்போது உள்ளே ஆயில் ஈரம் இருந்தால் அதுவே ஒரு சாட்சி. சென்சார் உடைந்து உள்ளிருந்து ஆயில் கசிந்திருக்கிறது. கேஜிலேயே அழுத்தம் குறைவாக இருந்தால், இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்ப்பை இறக்கி, ஆயில் உறிஞ்சும் வலையில் கசடு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முந்தைய உரிமையாளர் ஆயில் மாற்றாமல் தள்ளிப்போட்டிருந்தால் பெரும்பாலும் அங்கேதான் வந்து நிற்கும்.

இதில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. உங்கள் காரில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1.3 மல்டிஜெட் இன்ஜின். 1248 சிசி, 75 குதிரைத் திறன். மாருதி இதை டிடிஐஎஸ் என்ற பெயரில் விற்றது. டாடா விஸ்டா, மான்சாவில் குவாட்ராஜெட் என்ற பெயரில் ஓடியதும் இதே குடும்பம். 2020-ல் மாருதி டீசலைக் கைவிடும்வரை நம் ஊர்ச் சாலைகளில் அதிகம் ஓடிய டீசல் இன்ஜின்களில் ஒன்று. நல்ல இன்ஜின், கைப்பழக்கம் உள்ள மெக்கானிக்கும் உதிரி பாகமும் எல்லா ஊரிலும் கிடைக்கும். இதில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. அழுத்தம் குறைந்தால் செயின் தளரும். தளர்ந்த செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் செயின் பக்கத்திலிருந்து கடகடவென்று சத்தம் வந்து, சில நொடிகளில் அடங்குகிறதா என்று கவனியுங்கள். வந்தால் அதையும் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

சரி, இப்போது மஞ்சள் விளக்குக்கு வருவோம்.

அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. நீங்கள் செகண்ட் ஹேண்டில் வாங்கியதால் கேட்கிறேன். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி, மீட்டர் போர்டைப் பாருங்கள். இன்ஜின் விளக்கு, ஆயில் விளக்கு, பேட்டரி விளக்கு, பிரேக் விளக்கு, இபிஎஸ், உங்கள் வண்டியில் இருந்தால் ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம் எரிய வேண்டும். எரிந்து, சில விளக்குகள் ஓரிரு நொடிகளிலும் மற்றவை ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஏதாவது ஒன்று எரியவே இல்லை என்றால் அந்த விளக்கு செத்திருக்கிறது, அல்லது விற்பதற்காக யாரோ அதைக் கழற்றியிருக்கிறார்கள். இன்னொரு வேலையும் செய்வார்கள். எரிந்துகொண்டே இருக்கும் விளக்கின் வயரை ஆயில் விளக்கோடு சேர்த்துவிடுவார்கள். சாவி போட்டதும் எரியும், ஸ்டார்ட் ஆனதும் ஆயில் விளக்கு அணையும் அதே நொடியில் அதுவும் அணையும். பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. உங்கள் வண்டியில் இன்ஜின் விளக்கு எரிகிறது, அதனால் அது பத்திரம். ஏர்பேக் விளக்கு இருக்கும் வண்டி என்றால் அதைக் கூர்ந்து பாருங்கள். அதில்தான் இந்தத் தில்லுமுல்லு அதிகம்.

நீங்கள் எழுதியதில் நோய் கண்டுபிடிக்க உதவும் மிகப் பெரிய தகவல், ‘அணைத்து ஸ்டார்ட் செய்ததும் நன்றாக ஓடியது’ என்பது. வண்டி இழுக்காமல் போனது இன்ஜின் பழுதாகி நின்றதால் அல்ல. கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு அளவு சரியில்லை என்று கண்டு, தானாகவே சக்தியைக் குறைத்துக்கொண்டது. மெக்கானிக்குகள் இதை லிம்ப் மோட் என்பார்கள். சாவியை அணைத்ததும் கம்ப்யூட்டர் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டது, பழுதுக் கோடு ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது. டர்போவின் தண்டு தேய்ந்து இறக்கை உரசும் நிலையில் இருந்திருந்தால் சாவியைத் திருப்பினால் அது குணமாகாது. கீழே இறங்கியதும் ஊதல் சத்தமும் நீலப் புகையும் கூடவே வந்திருக்கும். இரண்டையும் நீங்கள் எழுதவில்லை. அதனால் 45 ஆயிரத்தை இப்போதைக்குச் செலவழிக்க வேண்டாம்.

மலையில் மட்டும் ஏன் வந்தது? பழனியிலிருந்து பெருமாள்மலை வரை இடைவிடாத ஏற்றம், கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் வேகம் குறைந்து, திரும்பியதும் முழு ஆக்சிலேட்டர். டர்போ அதிகபட்சக் காற்றை அழுத்தித் தள்ள வேண்டிய நேரம் அதுதான். ஒட்டன்சத்திரம் - பழனி சமதளத்தில் அந்த அழுத்தத்தில் பாதிகூடத் தேவைப்படாது. காற்றுப் பாதையில் ஒரு ரப்பர் ஹோஸ் லேசாகக் கீறியிருந்தால் சமதளத்தில் அந்தக் கீறல் மூடியே இருக்கும். மலையில் அழுத்தம் ஏறியதும் விரிந்து காற்றை வெளியே விடும். காற்றளவு சென்சார் ஹோஸுக்கு முன்னாடியே இருப்பதால், உள்ளே வந்த காற்று முழுவதும் இன்ஜினுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கணக்குப் போட்டு டீசல் தெளிக்கப்படும். உண்மையில் காற்று வழியிலேயே போய்விட்டது. மிஞ்சிய டீசல் எரியாமல் கரும்புகையாக வரும். அடுத்த முறை ஏறும்போது பின்னால் வருபவரிடம் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த ஹோஸை எப்படிப் பார்ப்பது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பல ஒர்க்‌ஷாப்புகளில் மேலாக ஒரு பார்வை பார்த்து ‘நல்லாத்தான் இருக்கு’ என்று விட்டுவிடுவார்கள். டர்போவிலிருந்து, காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்குப் போகும் குழாய், அங்கிருந்து இன்ஜினுக்குத் திரும்பி வரும் குழாய், இரண்டின் நான்கு முனைகளையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஹோஸின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத வளைவில் விரலை ஓட்டுங்கள். டர்போ கொஞ்சம் ஆயில் ஆவியைத் தள்ளுவது இயல்பு. அதனால் காற்றுக் கசியும் இடத்தில் ஆயிலும் தூசியும் சேர்ந்து பிசுபிசுப்பான கறுப்புப் பட்டை படிந்திருக்கும். முழங்கை மாதிரி வளையும் இடத்தை இரு கையாலும் மடக்கிப் பார்த்தால் கீறல் வாய் திறக்கும். கிளாம்ப்பைச் சும்மா திருகிப் பாருங்கள், தளர்ந்திருந்தால் கையோடு நகரும். எதுவும் சிக்கவில்லை என்றால், ஒருவர் ஆக்சிலேட்டரை மிதிக்க, இன்னொருவர் சோப்புத் தண்ணீரை இணைப்புகளில் தெளித்து நுரை கிளம்புகிறதா என்று பார்க்கலாம். அப்போது ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் அருகே கையும் முந்தானையும் துப்பட்டாவும் போகாமல் இருக்க வேண்டும். குழாயை அடைத்து வெளியிலிருந்து காற்றழுத்தம் கொடுத்துச் சோதிப்பது இன்னும் நல்ல முறை. நல்ல ஒர்க்‌ஷாப்பில் அதற்குக் கருவி இருக்கும். உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் முதல் சந்தேகம் இந்த ஹோஸ்தான். இரண்டாவது டீசல் ஃபில்டர்.

டீசல் ஃபில்டர் அடைத்திருந்தாலும் இதே மாதிரிதான் மலையில் கைவிடும். முழு ஆக்சிலேட்டரில் கேட்கும் டீசல் வராமல், பம்பின் அழுத்தம் விழும். அப்போது இழுவை குறைவதோடு வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். ஃபில்டரில் தண்ணீர் தங்கும் கிண்ணத்தையும் திறந்து வடிக்கச் சொல்லுங்கள். வடித்ததை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வைத்தால் தண்ணீர் அடியில் தனியாக நிற்பது தெரியும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் கையில் இல்லையென்றால் யோசிக்காமல் புதுசு மாற்றிவிடுங்கள். ஏர் ஃபில்டரையும் அப்படியே. இரண்டும் எப்படியும் மாற்ற வேண்டியவை, வீண் செலவு கிடையாது.

இரண்டாவது மெக்கானிக் கோடை அழித்துக் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அழிப்பதற்கு முன் அது என்ன கோடு என்று உங்களிடம் சொன்னாரா? சொல்லவில்லை என்றால் அவர் உதவி செய்யவில்லை, சாட்சியைக் கலைத்திருக்கிறார். கோடு சேமிக்கப்படும் நொடியில் இன்ஜின் என்ன வேகத்தில் சுற்றியது, வண்டி என்ன வேகத்தில் போனது, சூடு எவ்வளவு என்பதைக் கம்ப்யூட்டர் ஒரு படம் மாதிரி பிடித்து வைத்திருக்கும். பல கார்களில் இதைப் படிக்க முடியும். அழித்தால் அதுவும் போய்விடும். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினாலும் பல வண்டிகளில் இதேதான் நடக்கும். நாலு நாளில் விளக்கு திரும்ப வந்தது ஒரு வகையில் நல்லது, கோடு இப்போது உள்ளே இருக்கிறது. யாரும் அழிப்பதற்கு முன் ஸ்கேனர் திரையை உங்கள் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன வர வாய்ப்பு என்று சொல்கிறேன். பி 0299 என்று வந்தால் டர்போ அழுத்தம் எதிர்பார்த்த அளவு வரவில்லை என்று அர்த்தம். இதைப் பார்த்ததும் ‘டர்போ போச்சு’ என்பார்கள். அந்தக் கோடு டர்போவைக் குற்றம் சொல்லவில்லை. அழுத்தம் குறைவு என்கிறது, அவ்வளவுதான். கிழிந்த ஹோஸுக்கும் அடைத்த ஏர் ஃபில்டருக்கும் அதே கோடுதான் வரும். பி 0087 என்றால் டீசல் அழுத்தம் குறைவு. ஃபில்டரில் தொடங்குங்கள், பம்பில் தொடங்காதீர்கள். பி 0101 காற்றளவு சென்சாரின் கணக்கு ஒத்துவரவில்லை என்பது. அதற்கென்று தனி ஸ்ப்ரே விற்கிறார்கள், அதால் மட்டும் சுத்தம் செய்ய வேண்டும். பிரஷ்ஷோ துணியோ பட்டால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி போய்விடும். பி 0401, 0402 இரண்டும் ஈஜிஆர் பக்கம். பி 0671 முதல் 0674 வரை நாலு சிலிண்டர்களின் ஹீட்டர் பிளக் இணைப்புகள். இவை எல்லாக் கம்பெனிக்கும் பொதுவானவை. பி 1 என்று தொடங்குபவை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதைப் பொதுப் பட்டியலில் தேடிக் குழம்ப வேண்டாம்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், கோடு படிக்கும் புளூடூத் ஓபிடி கருவியை வாங்கி நீங்களே பார்க்கலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை சாக்கெட்டில் மாட்டி, போனில் பார்க்கலாம். தப்பில்லை. ஆனால் இந்தக் கருவி எதிர்பார்க்கும் ஓபிடி-2 என்ற பழுதறியும் முறை நம் நாட்டில் கட்டாயமானது 2013 ஏப்ரலில். உங்கள் வண்டி அதற்கு முந்தையது. அதனால் அந்தக் கருவி பேசாமல் போகலாம், பாதி மட்டும் காட்டலாம். அது ஒன்றும் காட்டவில்லை என்பதால் வண்டியில் ஒன்றும் இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். எல்லாக் கம்பெனி வண்டிக்கும் போடும் பெரிய ஸ்கேனர் வைத்திருக்கும் கடையில் ஒருமுறை படித்துக்கொள்வது மேல்.

மூன்றாமவர் சொன்ன ஈஜிஆர் அடைப்பு எனக்கு உடன்பாடில்லை. எரிந்த புகையில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே அனுப்பி, நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் வால்வு அது. டீசலில் கரி படிந்து அது திறந்தபடியே சிக்கிக்கொள்வது சகஜம். அப்படிச் சிக்கினால் கரும்புகையும் இழுவைக் குறைவும் வரும் என்பதும் உண்மை. அதற்கு மருந்து, கழற்றிக் கரியைச் சுரண்டிச் சுத்தம் செய்வது. தகடு வைத்து அடைத்தால் பல வண்டிகளில் ‘ஓட்டம் போதவில்லை’ என்று பி 0401 வந்து அதே மஞ்சள் விளக்கு மறுபடி எரியும். பிறகு அந்த விளக்கையும் அடைக்க ஆள் தேடுவார்கள். அப்படி ஊமையாக்கிய வண்டியில் நாளைக்கு உண்மையான பழுது வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. மாசுக் கட்டுப்பாட்டுக்காக வைத்த பாகத்தை முடக்குவது சட்டப்படியும் தவறு. நீங்கள் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கும் ஊரின் காற்று அது, இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

புகை பற்றிப் பேசும்போது இன்னொன்று. ஆர்சி-யில் உங்கள் வண்டி புகை விதிப்படி பிஎஸ்-3 ஆ பிஎஸ்-4 ஆ என்று பாருங்கள். 2012-ல் தமிழ்நாட்டில் இரண்டுமே பதிவானது. புகைச் சோதனையில் பிஎஸ்-4 டீசலுக்கு வரம்பு 50 ஹார்ட்ரிட்ஜ் அலகு (புகையின் அடர்த்தியை அளப்பது), அதற்கு முந்தையதற்கு 65. பழைய சான்றிதழ்கள் இருந்தால் அந்த எண்ணை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஏறிக்கொண்டே வந்திருந்தால் இந்தப் பிரச்சினை மலையில் திடீரென்று முளைத்ததல்ல. அப்புறம், யூடியூப்பில் டிபிஎஃப் (புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) அடைத்துவிட்டது, லட்சம் ஆகும் என்று பார்த்துப் பயப்பட வேண்டாம். உங்கள் வண்டியில் டிபிஎஃப் கிடையாது. இங்கே டீசல் கார்களில் அது பரவலானது 2020-ல் பிஎஸ்-6 வந்த பிறகுதான்.

சுருள் கம்பி விளக்கு பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். அது ஹீட்டர் பிளக் சூடேறுவதைக் காட்டுகிறது. கொடைக்கானல் காலைக் குளிரில் அதிக நேரம் எரிவதுதான் சரி. அது அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள், அவ்வளவுதான். நம் சமவெளி வெயிலில் ஒரு பிளக் செத்திருந்தால்கூட வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். குளிரில்தான் முக்கும், வெள்ளைப் புகை விடும். (உங்கள் பள்ளியில் யாராவது போலோ, வென்டோ டீசல் வைத்திருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த வண்டிகளில் ஓடும்போது இந்தச் சுருள் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அது ஹீட்டர் பிளக்கைப் பற்றியதல்ல, இன்ஜின் கட்டுப்பாட்டில் கோளாறு என்று பொருள். பிரேக் பெடல் சுவிட்ச் கெட்டதால்கூட வரும். விலை குறைந்த பாகம் அது.)

இபிஎஸ் விளக்கு உங்களுக்குத் தெரியாத இன்னொரு கதையைச் சொல்கிறது. ஸ்விஃப்டில் பவர் ஸ்டீயரிங் மின்சாரத்தில் ஓடுகிறது. மழை நாளில் ஹெட்லைட், வைப்பர், ஏசி, கண்ணாடி ஹீட்டர் எல்லாம் ஒன்றாக இழுக்க, பேட்டரியோ டைனமோவோ பலவீனமாக இருந்தால் வோல்டேஜ் விழுந்து ஸ்டீயரிங் முதலில் கத்தும். பழைய வண்டியில் ஒரே நேரத்தில் சம்பந்தமில்லாத இரண்டு மூன்று விளக்குகள் எரிந்தால் நான் முதலில் கையில் எடுப்பது ஸ்கேனரை அல்ல, மல்டிமீட்டரை. இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் பேட்டரி முனைகளில் 12.4 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. செல்ஃப் எடுக்கும்போது 9.6-க்குக் கீழே விழக் கூடாது. ஓடும்போது 13.8-லிருந்து 14.5-க்குள் நிற்க வேண்டும். லைட், ஏசி எல்லாம் போட்டு மறுபடி அளக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் விளக்கு வந்தால் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் வயரைக் கழற்றி, பச்சை பூத்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கச் சொல்லுங்கள். வோல்டேஜ் சரியில்லாத வண்டியில் சென்சார்கள் பொய் சொல்லும், அதை நம்பி பாகம் பாகமாக மாற்றி ஏமாறுவார்கள். அதனால் கோடு படிப்பதற்கு முன்பே இந்த அளவை எடுத்துவிடுவது நல்லது.

இனி மெக்கானிக்கிடம் எப்படிப் பேசுவது என்பது. ‘இன்ஜின் லைட் எரியுது, பாருங்க’ என்று மட்டும் வண்டியை விட்டுவிட்டு வந்தால் அவருக்குத் தெரிந்த வழியில் போவார். ‘முதலில் ஆயில் பிரஷரை கேஜ் போட்டு அளந்து எண்ணைச் சொல்லுங்கள். பிறகு பேட்டரி வோல்டேஜ். பிறகு கோடைப் படியுங்கள், அழிக்காதீர்கள், எனக்குப் படம் அனுப்புங்கள். டீசல் ஃபில்டரும் ஏர் ஃபில்டரும் மாற்றுங்கள். இன்டர்கூலர் ஹோஸை அழுத்தம் கொடுத்துச் சோதியுங்கள். அதற்கு மேல் எதைத் தொட வேண்டும் என்றாலும் எனக்குப் போன் பண்ணுங்கள்.’ இப்படிச் சொல்லுங்கள். டர்போதான் என்று இன்னும் அடித்துச் சொன்னால், காற்று உள்ளே போகும் பக்கத்தின் ஹோஸைக் கழற்றி இறக்கையை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். தண்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் மிக லேசாக அசையும், அது இயல்பு. முன்னும் பின்னும் இழுத்துத் தள்ள முடிந்தாலோ, இறக்கை நுனி உரசித் தேய்ந்திருந்தாலோ, உடைந்திருந்தாலோ அவர் சொல்வது சரி. அப்போதும் புது டர்போ மாட்டுவதற்கு முன், பழையது ஏன் போனது என்று கேளுங்கள். டர்போவின் தண்டு ஆயிலின் மேல்தான் மிதக்கிறது. ஆயில் அழுத்தம் போதாத இன்ஜினில் புது டர்போவும் அதே வழியில்தான் போகும்.

எல்லாம் சரியான பிறகு மலை ஏறும்போது கியரில் கொஞ்சம் கவனம் வையுங்கள். இந்த இன்ஜின் முழு இழுவை தருவது 2000 ஆர்பிஎம்மில். அதற்கு நன்றாகக் கீழே, 1300, 1400-ல் மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் திணறும், கரி கக்கும், ஈஜிஆரும் அடைக்கும். கொண்டை ஊசிக்கு முன்பே இரண்டாவது கியருக்கு இறங்கிவிடுங்கள். சத்தம் கூடும், பரவாயில்லை.

வழியில் மஞ்சள் விளக்கு எரிந்து, வண்டி ஓரளவு ஓடினால், மெதுவாக ஓட்டி அகலமான இடம் பார்த்து நிறுத்தலாம். மின்னினாலும் இழுவை போனாலும் இன்னும் சீக்கிரம் நிறுத்துங்கள். சிவப்பில் ஆயில் விளக்கோ சூடு விளக்கோ எரிந்தால் அடுத்த வளைவு வரை என்று பார்க்கக் கூடாது, பாதுகாப்பாக ஒதுங்க முடிந்த முதல் இடத்தில் இன்ஜினை அணைக்க வேண்டும். இறக்கத்தில் ஓடும்போதே சாவியைத் திருப்பிவிடாதீர்கள், பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும். முதலில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பிறகு அணையுங்கள். சூடு விளக்கு என்றால் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம், நன்றாக ஆறட்டும்.

ஆயில் பிரஷர் இரண்டு எண்கள், வோல்டேஜ் மூன்று எண்கள், கோடு. இந்த ஆறும் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள், எந்தப் பாகத்துக்குப் பணம் செலவழிக்கலாம் என்று அப்போது உறுதியாகச் சொல்கிறேன்.